தட்டின் மேல் கை

சர்க்கரை கூடியிருக்கிறது, சோற்றைப் பாதியாகக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகியும் ஞானப்பிரகாசத்தால் முடியவில்லை. போதும் என்று அவர் தட்டின் மேல் கையை நீட்டி மறைப்பார். மனைவி லூர்து, முப்பது வருடப் பழக்கத்தில், விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி சோற்றைத் தள்ளிவிடுவாள்.

"பக்கத்துல நின்னா என் கை சும்மா இருக்காதுங்க."

"அப்ப நீயும் உக்காந்து சாப்பிடு."

அன்றுதான் முதல்முறையாக அவருக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்தாள். அவர் தட்டில் பாதிக்குப் பீன்ஸ் பொரியல். அவள் தட்டில் சோறு, ரசத்தின் அடிமண்டி, ஒரு துண்டு ஊறுகாய்.

"உனக்குப் பொரியல்?"

"உங்களுக்குப் போக மிச்சமிருந்தா வச்சுக்குவேன். எப்பவும் இப்படித்தானே."

எப்போதாவது மிச்சம் இருந்திருக்கிறதா என்று அவர் யோசித்துப் பார்த்தார். இன்னும் கை வைக்காத தன் தட்டிலிருந்து கரண்டியால் பீன்ஸை அள்ளினார்.

"ஐயோ, போதுங்க," என்று அவள் தன் தட்டைக் கையால் மறைத்தாள்.

அவர் அந்தக் கையின் மேலேயே கரண்டியைக் கவிழ்த்தார். சூடாகத்தான் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.