இரண்டாவது கட்டில்

"இதுவும் தேறாது" என்று சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடி தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபீசில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் அது. யார் என்ன புரோகிராம் எழுதினாலும் அவர் பார்த்து ஓகே செய்தால்தான் வெளியே போகும்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை முறைதான் திருப்பி அனுப்புவார்? ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடியப் போகிறது. அவள் மகன் மாதம் நிறையாமல் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்க்க மட்டும்தான் அனுமதி. அவன் வீட்டுக்கு வந்த பிறகு வேண்டுமே என்று லீவைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அவர்கள் கம்பெனி செய்வது, குழந்தைக்கு மூச்சு நின்றால் மணி அடிக்கிற மெஷின். எப்போது அடிக்க வேண்டும் என்பதை டாக்டர்களே நாலு வரியில் எழுதிக்கொள்ள, மெஷினுக்குள் ஒரு குட்டிக் கணினி மொழி. அந்த வரிகளைப் படித்து நடத்துகிற இன்டர்பிரெட்டரில், 'கட்டில்' என்று ஒரு வகையைச் சொல்லிவிட்டால் அதே அச்சில், குழந்தைக்கு ஒன்றாக, எத்தனை கட்டில் வேண்டுமானாலும் பிறக்க வேண்டும். அப்படிப் பிறப்பதை ஆப்ஜெக்ட் என்பார்கள். அந்த வசதியைச் செய்து கொடுப்பதுதான் அவள் பொறுப்பு. மெஷின் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்பதெல்லாம் விற்பனைக்காரர்கள் பாடு.

"எல்லா டெஸ்டும் பாஸ் ஆயிடுச்சு சார்."

"டெஸ்ட் எழுதினது யாரு?"

"நான்தான்."

"அதான் பாஸ் ஆகுது. கேள்வியும் நீங்களே, மார்க்கும் நீங்களே."

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரெண்டாவதா ஒரு கட்டிலை உண்டாக்கி, ரெண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்க. அப்புறம் வாங்க."

"நாளைக்குப் பாக்கறேனே சார். பிள்ளையைப் பாக்கப் போகணும். இன்னிக்கு இதை அனுப்பிடணும்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"தாராளமா போயிட்டு வாங்க. ஆனா நான் ஓகே பண்ண மாட்டேன்."

அவள் விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குள் போனாள்.

"என்னால முடியலை மேடம். பிள்ளை பெத்தவ வேலைக்கு லாயக்கில்லைன்னு முடிவே பண்ணிட்டாரு. நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குறாரு."

"அழாதேம்மா. தன் கல்யாணப் பத்திரிகையிலயே பிழை திருத்திக் கொடுத்த மனுஷன் அவரு" என்றாள் மேனேஜர். "நானே ஓகே பண்ணிடறேன். அவரை வேற வேலைக்கு மாத்திடறேன். நீ முதல்ல கிளம்பு."

மறுநாள் பூதக்கண்ணாடியின் நாற்காலி காலியாக இருந்தது. அவரைக் கீழ்த்தளத்தில், பழைய மெஷின்களைப் பழுது பார்க்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"ஈரமே இல்லாத ஜென்மம். இனிமே நிம்மதி" என்றாள் அவள், பக்கத்து மேசைக்காரியிடம்.

அடுத்த வாரம் ஒரு மாலை, வார்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மகனின் பெட்டிக்கும் பக்கத்துக் குழந்தையின் பெட்டிக்கும் நடுவில் ஒரு புது மெஷின். மேலே அவள் கம்பெனியின் முத்திரை. ஒரே மெஷினில் இரண்டு ஒயர் மாட்ட இரண்டு துளைகள்.

இரண்டு கட்டில்.

அந்த நொடியில்தான் அவள் எழுதியது அவள் கண் முன்னால் வந்தது. ஒவ்வொரு கட்டில் பிறக்கும்போதும் மூச்சுக் கணக்கு வைக்க அதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். அவள் பொதுவாக ஒரே இடத்தை ஒதுக்கி, எல்லாக் கட்டிலையும் அங்கேயே கணக்குப் போடச் சொல்லியிருந்தாள். ஒரு கட்டில் இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. இரண்டு இருந்தால், ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றாலும் மற்றதன் மூச்சு அந்தக் கணக்கை நிரப்பிக்கொண்டே இருக்கும். மணி அடிக்காது.

"சிஸ்டர்! சிஸ்டர்! இதைக் கழட்டுங்க!"

நர்ஸ் ஓடி வந்தாள். "மெதுவாம்மா, பிள்ளைங்க தூங்குதுங்க. பயப்படாதீங்க, உங்க பையனுக்கு மட்டும்தான் இதை மாட்டியிருக்கு. பக்கத்துக் குழந்தைக்குப் பழைய மெஷின்தான். ஒரு மெஷின்ல ஒரு குழந்தைக்கு மேல மாட்டக் கூடாதுன்னு அந்தக் கம்பெனி ஆளே வந்து சொல்லிட்டாரு."

"யாரு?"

"மூக்கு நுனியில கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர். இது இங்க வந்திருக்குன்னு தெரிஞ்சு, மாட்டின அன்னிக்கே மூச்சிரைக்க ஓடி வந்தாரு. தன் நெஞ்சுல ஒரு ஒயர், என் நெஞ்சுல ஒரு ஒயர் ஒட்டினாரு. என்னைச் சாதாரணமா மூச்சு விடச் சொல்லிட்டு, பெரிய டாக்டர் முன்னாடி மூச்சை அடக்கிக்கிட்டு நின்னாரும்மா! முகமெல்லாம் ரத்தமாச் சிவந்து போச்சு. மணி அடிக்கவே இல்லை. எங்களுக்கெல்லாம் ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மகனின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இதை... யார் எழுதினதுன்னு கேட்டாங்களா?"

"கேக்காம விடுவாங்களா? பெரிய டாக்டர் காட்டுக் கத்தாக் கத்தினாரு. 'நான்தான் எழுதினேன், தப்பு என்னோடதுதான்'னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு அந்த ஆளு."

நர்ஸ் பெட்டிக்குள் கையை விட்டு, விலகியிருந்த துணியைக் குழந்தையின் மேல் இழுத்துவிட்டாள். நர்ஸுக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

"ஒரு பிள்ளையைப் பெத்தவ எழுதியிருந்தா இப்படி எழுதியிருப்பாளா, நீங்களே சொல்லுங்கம்மா!"