முட்டையிடும் கோழி

செவ்வாய்க்கிழமை காலையில் யாராவது கோழிச்சாறு வைப்பார்களா? தகரவேலியின் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறாள் எர்மீனியா. பக்கத்து வீட்டு டெல்மிரா இந்த வாரத்தில் மூன்றாவது கோழிக்கு இறகு பிடுங்குகிறாள். கிழட்டுச் சேவல் என்றாலும் போகட்டும். இது நேற்றுவரை முட்டையிட்ட செங்கோழி. ஹோண்டுராஸில் முட்டையிடும் கோழியை அறுப்பவர்கள் இரண்டே வகை: பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள், இல்லையென்றால் ஊரைவிட்டே கிளம்புகிறவர்கள். டெல்மிராவின் வயிறோ ஒட்டிக் கிடக்கிறது. “என்னடி, விருந்தா?” “ஆமாக்கா, தங்கச்சி வர்றா.” “உனக்கு ஏதுடி தங்கச்சி?” இறகு பிடுங்கும் கை நின்றுவிடுகிறது.

டெல்மிராவுக்குப் பின்னால், அவள் மகன், பதினாலு வயது எல்மெர் புதுக் காலணியைப் பழக்கிக்கொண்டு முற்றத்தையே சுற்றிச் சுற்றி வருகிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்களோடு சேரவேண்டும் என்று கும்பல்காரர்கள் கெடு வைத்திருப்பது இவனுக்குத்தான். ஈஸ்டருக்குக்கூடக் காதைத் திருகினால்தான் கும்பிடுகிற பயல், இப்போது தானாக வேலியோரம் வந்து கைகூப்புகிறான். “ஞானம்மா, ஆசீர்வாதம் பண்ணுங்க.” அவனுக்கு ஞானத்தாயான எர்மீனியா ஓட்டைக்குள் விரலை நுழைத்து அவன் நெற்றியில் சிலுவை போடுகிறாள். நெற்றி வேர்த்திருக்கிறது.

தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமி நிற்கிறது. கும்பலுக்கு உளவு பார்ப்பவன். “என்ன ஆத்தா, கோழி மணக்குது! யார் வீட்டுல விசேஷம்?” எந்தச் செய்தியையும் சூடு ஆறுமுன் தெருமுனை சேர்க்கிற வாய் திறக்கிறது. “எங்க வீட்டுலதான்டா. அண்ணன் மக புள்ள பெத்திருக்கா,” என்கிறாள், கூடப்பிறந்தவர் ஒருவருமே இல்லாத எர்மீனியா.