எழுபத்து மூன்றாம் சீட்டு

"எழுபத்து மூணு!"

மேடையிலிருந்து லோர்னா கூவியதும் பந்துருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் மண்டபமே கைதட்டியது. வாராவாரம் நடக்கும் சீட்டுக் குலுக்கல், பரிசு ஒரு தட்டுக் கறி.

"மறுபடியும் மெர்வினா? அநியாயம்!" என்று கத்தினான் டெஸ். கையிலிருந்த இருபத்திரண்டாம் எண் சீட்டை எல்லோருக்கும் தெரியும்படி ஆட்டினான். "ஏழு வாரமா நானும் வாங்குறேன். ஒரு எலும்புத் துண்டு விழுந்திருக்கா?"

"மூஞ்சியப் பாத்துத்தாண்டா விழும்" என்றபடி மெர்வின் எழுந்தார். தலையில் முடி இல்லை, புருவமும் இல்லை. சட்டை கொடியில் காயப் போட்டது போல உடம்பில் தொங்கியது. "நாப்பது வருஷமா இதே எழுபத்து மூணத்தான் கேட்டு வாங்குறேன். ஒரு சாசேஜ் கூட வந்ததில்ல. புற்றுநோய் வந்த கையோட அதிர்ஷ்டமும் வந்திருச்சு. தெரிஞ்சிருந்தா முன்னாடியே வரவழைச்சிருப்பேன்!"

மண்டபம் சிரித்தது. மெர்வின் கறித் தட்டைக் கையை நீட்டி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தார். வெளியே வண்டியின் பின்புறம் படுத்திருந்த அவர் நாய் டஸ்டி குரைத்தது. மனுஷர் இளைக்க இளைக்க அந்த நாய் பெருத்துக்கொண்டே போனது. காலையில் நடக்க அழைத்துப் போக ஆளில்லை போலும் என்று லோர்னா நினைத்துக்கொண்டாள்.

அன்று மண்டபத்தில் நாற்பத்தோரு பேர். நாற்பது பேருக்கு விஷயம் தெரியும், மெர்வினைத் தவிர.

சீட்டு விற்று முடிந்ததும் உண்மையான சீட்டெல்லாம் கவுண்டருக்கு அடியில் போய்விடும். மேடைக்கு வரும் வாளியில் நாற்பது சீட்டு இருக்கும். நாற்பதிலும் எழுபத்து மூன்றுதான். எழுதுவது லோர்னாவின் வேலை.

வேறு வழியில்லை. மெர்வின் யாரிடமும் கைநீட்டாத மனுஷர். கீமோ தொடங்கிய வாரம் அவர் வாசலில் பக்கத்து வீட்டார் வைத்த சாப்பாட்டை அப்படியே அவர்கள் வாசலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "எனக்கு வந்தது புற்றுநோய். பிச்சை எடுக்கிற நோயில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். செவ்வாய்தோறும் இரண்டு மணி நேரப் பயணம் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் யார் வண்டியிலும் ஏற மாட்டேன் என்றார். கடைசியில் டெஸ், தனக்கும் அதே ஊரில் பல் வைத்தியம் இருப்பதாகப் புளுகித்தான் அழைத்துப் போய் வந்தான்.

தனியாள். வீட்டைவிட்டுச் சந்தோஷமாக வருவது இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். குட்டு வெளிப்பட்டால் ரோஷத்தில் இந்தப் படியையே மிதிக்க மாட்டார். டெஸ்ஸின் வண்டியிலும் ஏற மாட்டார். 

"ஏம்மா லோர்னா, அங்க இன்னொரு தட்டு இருக்கே?" என்றார் மெர்வின்.

லோர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈஸ்டர் வருகிறதென்று கறிக்கடைக்காரர் இரண்டு தட்டு அனுப்பியிருந்தார். எழுபத்து மூன்று எழுதும் அவசரத்தில் அவள் அதை அடியோடு மறந்திருந்தாள்.

"அது... அடுத்த வாரத்துக்கு..."

"அடுத்த வாரம் வரைக்கும் கறி கெடாம இருக்குமா? இந்தச் சீட்ட நான் எடுக்குறேன். இப்ப ஊர்லயே ராசியான கை என்னோடதுதான்."

"நீ உக்காரு மெர்வ். செவ்வாய்க்கெழம மருந்து ஏத்திட்டு வந்த உடம்பு" என்று தடுத்தாள் லோர்னா.

"ஏத்தினது இடது கையில. எடுக்கப் போறது வலது கையில."

மெர்வின் மேடையேறிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரே நாள் குலுக்கலில் ஒரே எண் இரண்டு தடவை வந்தால் பால்குடிப் பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும். டெஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

மெர்வின் வாளிக்குள் கைவிட்டு நிதானமாகத் துழாவி ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். லோர்னா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்திரண்டு!" என்றார்.

 டெஸ் வாயைப் பிளந்தபடி நின்றான்.

"என்னடா முழிக்கிற? இதுதான உன் சீட்டு? ஏழு வாரம் அழுதது போதும், வந்து வாங்கிட்டுப் போ" என்றார் மெர்வின். யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்க, மண்டபமே பின்தொடர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் மெர்வின் கவுண்டரோரம் வந்தார். கசங்கிய சீட்டை லோர்னாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள்.

எழுபத்து மூன்று.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் லோர்னா.

"மொத வாரமே. டெஸ்ஸுக்கு வாய் முழுக்கக் கட்டின பல்லு. அவனுக்கு வாராவாரம் பல் வைத்தியம்னு சொன்ன ஆளுங்கதான நீங்க? குலுக்கல மட்டும் நேர்மையாவா நடத்துவீங்க?"

"கறியாவது நல்லா இருந்துச்சா?"

"யாருக்குத் தெரியும்? கீமோ ஆரம்பிச்சதுலருந்து கறி வாசன பட்டாலே குமட்டுது. அத்தனையும் டஸ்டிதான் தின்னுச்சு. பாவம், இப்ப வண்டியில தூக்கித்தான் ஏத்த வேண்டியிருக்கு."

லோர்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பின்ன எதுக்குய்யா வாராவாரம் வந்து வாங்கிட்டுப் போன?"

மெர்வின் தன் தட்டை எடுத்துக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இப்படின்னு தெரிஞ்ச அன்னிக்கு இந்த மண்டபமே எழவு வீடு மாதிரி கெடந்துச்சு. எழுபத்து மூணுன்னு நீ கூவினப்பறம்தான் நாப்பது பேரும் சிரிச்சீங்க. உங்களத் தேத்தவும் யாராவது வேணுமில்ல?"