எதிர் டீம்காரர்

“மச்சான், இண்டைக்கும் மூணு வாங்கியாச்சாமே!”

கேற்றைத் திறக்கும்போதே ஜவுபர் சத்தம் போட்டார். கையில் சூடான பணிஸ் பொட்டலம் வேறு.

விறாந்தைக் கதிரையில் சாய்ந்து கிடந்த றஸாக் கண்ணைத் திறந்தார்.

“ஆருக்கிட்ட?”

“பாலமுனைக்காரங்களுக்கிட்ட. உங்கட பல்கன்ஸ் மாதிரி தயாள குணம் உள்ளவங்க இந்த லீக்கிலயே இல்ல மச்சான். வாறவன் போறவனுக்கெல்லாம் கோல் குடுத்து அனுப்புறாங்க.”

குசினி வாசலில் நின்ற மகள் ஸம்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாப்பாவுக்கு பல்கன்ஸ் என்றால் உயிர். இளவயதில் அந்தக் கழகத்துக்குப் பின்வரிசையில் நின்று விளையாடியவர். டீம் தோற்ற நாளில் அவரோடு கதைக்கவே மருதமுனையில் ஆட்கள் யோசிப்பார்கள். இந்த முறை லீக் தொடங்கியதிலிருந்து ஒரு மெச்சும் வெல்லவில்லை.

அது போதாதென்று, உம்மா மவுத்தாகி இன்னும் நாலு மாசம்கூட ஆகவில்லை.

வாப்பா கடை திறப்பதில்லை. கிறவுண்ட் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. பள்ளிக்குப் போய் வந்தால் இந்தக் கதிரைதான். எதைக் கேட்டாலும் ‘ஓம்’, இல்லாவிட்டால் ‘ஒண்டும் வேணா’. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிடுவார்.

இப்படி ஒடிந்துபோய்க் கிடக்கிற மனிசனிடம்தான் ஒவ்வொரு தோல்விக்கும் மறக்காமல் வந்து பகிடி பண்ணுகிறார் ஜவுபர். சாய்ந்தமருதில் பிறந்து, இந்தத் தெருவில் கலியாணம் முடித்து, சந்தியில் பேக்கரி போட்டவர். தன்னுடைய ஊர் டீம் சீ ஸ்டோம்தான் என்று வாய் ஓயாமல் பெருமை வேறு.

“எங்கட சீ ஸ்டோம் புள்ளைகளப் பாத்துப் பந்தடிக்கப் பழகச் செல்லுங்க மச்சான்.”

“ஆரு, நாங்க பழகுறதா?” றஸாக் நிமிர்ந்து உட்கார்ந்தார். “டேய், பின்னுக்கு நிக்கிற ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில மேல ஏத்தினா கோல் விழாம வேறென்ன விழும்? அந்தக் கோச்சர் மடையனுக்கு ஆராவது செல்லிக் குடுக்கணும். நீ என்னத்தப் பாத்த? உங்கட டீம் போன வருசம் அரையிறுதியில என்ன கிழிச்சது, செல்லு பாப்பம்!”

“அதெல்லாம் தோத்தவங்க செல்ற சாட்டு மச்சான்.”

“என்ன சாட்டு? உங்கட ரெண்டாவது கோல் ஓஃப்சைட்! ஊருக்கே தெரியும்!”

“சாட்டு, சாட்டு.”

அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார் ஜவுபர். வாப்பாவின் குரல் தெருமுனை வரை கேட்டது.

மஃரிபுக்கு பாங்கு சொல்லவும் ஜவுபர் எழும்பினார். றஸாக் விடவில்லை. கேற் வரைக்கும் துரத்திக்கொண்டு போனார்.

“ஞாயித்துக்கிழம உங்கட டீமோடதான் எங்களுக்கு மெச். நீ வா கிறவுண்டுக்கு. என்ட பக்கத்தில நிண்டு பாரு. அப்ப காட்டுறன்!”

தொழுதுவிட்டு வந்தும் அடங்கவில்லை. பணிஸைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே ஏசினார். சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் இருந்தும் ஏசினார். பிரஷர் உள்ள மனிசன். ஸம்றாவுக்குப் பயம் பிடித்துவிட்டது.

மறுநாள் காலையில் நேரே பேக்கரிக்குப் போனாள்.

“வா மகள், பாணா?”

“பாண் ஒண்டும் வேணா மாமா. நீங்க இனி எங்கட ஊட்டுக்கு வராதீங்க.”

ஜவுபர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

“டீம் தோக்கிறதே வாப்பாவுக்குப் பெரிய கவல. நீங்க வந்து வந்து அதக் கிளறுறீங்க. உம்மா போன ஊடு எண்டு ஒரு இரக்கம் வேணாமா? உங்கட டீம் வெண்டா, அந்தச் சந்தோசத்த உங்கட ஊட்டுக்குள்ள வெச்சிக்கோங்க.”

பாண் வாங்க நின்ற மனிசி, “நல்லாக் கேட்டாய் புள்ள” என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

ஜவுபருக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிசி போகும்வரை பொறுத்திருந்தார்.

“நேத்து வாப்பா சோறு திண்டாரா மகள்?”

“திண்டார். உங்கள ஏசி ஏசித்தான் திண்டார்.”

“திரும்பவும் போட்டுத் திண்டாரா?”

ஸம்றா யோசித்தாள். “ஓம்... கேட்டு வாங்கித் திண்டார்.”

“விடிஞ்சாப்பிறகு கதச்சாரா?”

“சுபஹு தொழுதிட்டு வந்ததிலிரிந்து உங்களப் பத்தித்தான் கத. அந்தக் கோச்சரையும் விடல்ல. நாளைக்கு கிறவுண்டுக்குப் போகச் சேட் ஒண்டு அயன் பண்ணி வெக்கட்டாம். வழியில கடையையும் ஒருக்காத் திறந்து பாக்கணுமாம்...”

சொல்லச் சொல்ல அவளுடைய குரல் இறங்கியது. கடை என்ற சொல்லை வாப்பாவின் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம்!

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் ஜவுபர்.

கடையில் வேறு யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு மேலால் குனிந்தார்.

“நாளைக்கு அவர் என்னைப் பக்கத்திலயே நிப்பாட்டுவார் மகள். பிழையா எதுக்கும் கை தட்டிப்போட்டா எல்லாம் கெட்டுப்போகும். நீ வாப்பாட மகள்தானே, உனக்குத் தெரிஞ்சிரிக்கும்...”

குரலை இன்னும் தாழ்த்திக் கேட்டார்.

“அதில என்ட டீம் போடுறது எந்தக் கலர் ஜேசி?”