ரெண்டு ரெண்டுகள்

வீட்டுச் சாப்பாட்டுக்குச் சேர்த்த பத்துச் சோளத்தோடு மாடப்புறா, எருமையோடும் ஓணானோடும் சீட்டாட உட்கார்ந்தது. கைக்கு வந்த சீட்டுகள் ரெண்டு ரெண்டுகள். "ஜோடி!" என்று அதற்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எல்லோருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டை விரித்தார்கள். ராஜா, ராணி, ஒன்பது. எருமை பந்தயமாக ஒரு சோளத்தைத் தள்ளியது. ஓணான் தன் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்டது.

"அக்கா, நீங்களும் கவுத்துடுங்க. மூணாவதா ஒரு ரெண்டு வராம இது தேறாது" என்றது ஓணான்.

"சேர்ந்து வந்த ஜோடியைக் கைவிடறதா? எங்க குலத்துல அந்தப் பழக்கம் கிடையாது!"

ஒவ்வொன்றாக வைத்து, கடைசிச் சோளத்தையும் வைத்தது புறா. அடுத்து விழுந்த இரண்டு சீட்டிலும் ரெண்டு இல்லை.

எருமை கையை விரித்துக் காட்டியது. "எனக்கும் ஜோடிதான். கையில ஒரு ராஜா, தரையில ஒரு ராஜா. ரெண்டை விடப் பெருசு."

"வேற வேற இடத்துல கிடக்கிறது ஒரு ஜோடியா?" என்று புறா கத்தியது. அதற்குள் எருமையின் வாய் நிறையச் சோளம்.

கூட்டில் ஆண்புறா பசியோடு காத்திருந்தது. "சாப்பாடு எங்கே?"

"ஜோடியைக் காப்பாத்தப் போட்டுட்டேன்."

"எந்த ஜோடியை?"