ஐந்து மணிக் கப்பல்

"எங்க அவ?" என்று கேட்டபடியே லாரி முதலாளி டிராவல்ஸ் ஆபீஸின் கண்ணாடிக் கதவை உதைத்துத் திறந்தான். கதவு சுவரில் மோதி, நடுவில் கோடாக விரிசல் விட்டது.

எதிர்ப்புறம் அவன் காரை நிறுத்தி இறங்கியதைப் பார்த்ததுமே டிராவல்ஸ் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதன் கூட்டுக்குள் பத்திரமாக வைத்து மூடியிருந்தார்.

காலையிலிருந்து அவன் மனைவியைக் காணவில்லை. வீட்டுக் குப்பைக்கூடையில் கிழித்துப் போட்ட உறை ஒன்றுதான் கிடைத்தது. உறையின் மேல் இந்த டிராவல்ஸின் பெயர், கீழே ஒரு கப்பலின் படம். கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்திப் பார்த்தான். பயணிகள் விவரம் சொல்வதற்கில்லை என்று ஒரு பெண் குரல் பணிவாக நாலு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டது. போனுக்குள் கையை விட்டு யாரையும் அறைய முடியாது. அதனால் இங்கே வந்தான்.

அப்படி யாரையும் தெரியாது என்றார் அம்மா. கன்னத்தில் விழுந்த அறையில் சுழல் நாற்காலி அரை வட்டம் சுற்றி நின்றது. வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்வதில்லை என்று இரண்டாம் முறை சொன்னார். மேசை மேல் அழகுக்கு வைத்திருந்த மரக் கப்பலை எடுத்து அவர் நெற்றியில் இறக்கினான். கப்பலின் புகைபோக்கி உடைந்து ஒரு பக்கம் தெறித்தது. ரத்தம் புருவத்தில் தேங்கி, கண்ணுக்குள் வழிந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடி வந்தார். என்ன ஏது என்று கேட்பதற்குள் அவர் நெஞ்சில் ஒரு உதை. தண்ணீர் கேனோடு சேர்ந்து மூலையில் விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

லாரி முதலாளி அம்மாவின் வலது கையை மேசையில் அழுத்திப் பிடித்தான். சுண்டு விரலை மெதுவாகப் பின்னால் மடக்கினான். கரும்பு ஒடிவது போல ஒரு சத்தம் வந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அம்மா, அடுத்த விரலை அவன் தொட்டதும் தலையைத் தொங்கப்போட்டார்.

"ஆறாவது மாடி. அறுநூத்திப் பதினேழு. அஞ்சு மணிக்குக் கப்பல் கெளம்புது."

அவன் சிரித்தான். அதே கப்பலில் தனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொன்னான். இணையத்தில் காலையிலேயே பதிவை மூடிவிட்டார்கள். ஏஜென்ட்டுகளுக்கென்று ஒதுக்கிய அறைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அம்மா இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ரத்தம் சொட்டி விசைகள் பிசுபிசுத்தன. நாலரைக்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று சொல்லித்தான் டிக்கெட்டை நீட்டினார். போகிற போக்கில் அவன் நாற்காலியை ஒரு உதை உதைத்தான். அம்மா தரையில் விழுந்தார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் தவழ்ந்து வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார். கைக்குட்டையால் நெற்றியைக் கட்டிவிட்டு, போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அஞ்சு மணி ஆகட்டும் தம்பி."

பயந்துபோயிருக்கிறார் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது, கோபமும் வந்தது. பத்து நாளைக்கு முன்னால் அவன் தேடி வந்த பெண் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அடையாள அட்டையை நகல் எடுக்க வந்திருந்தாள். கப்பல் டிக்கெட்டை ஏஜென்ட்டிடம் போடலாமா, நேராகவே போடலாமா என்று கேட்டாள். நேராகப் போட்டால் மூன்றாம் மனிதருக்குத் தெரியாது என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். ஆனால் இங்கே ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் அம்மாவிடமே போட்டுக்கொண்டு போனாள்.

"ஒரு டிக்கெட் கமிஷனுக்கு ஆசைப்பட்டு அந்தப் பொண்ணைக் காட்டிக் குடுத்துட்டீங்களேக்கா. நடுக்கடல்ல தள்ளி விட்டான்னா யாரு கேக்கறது?"

அம்மா வீங்கி மூடிய ஒரு கண்ணோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலரையாக இரண்டு நிமிடம் இருக்கும்போது லாரி முதலாளியின் பெயருக்கு எதிரே 'ஏறிவிட்டார்' என்று பச்சையாக வந்தது. ஐந்து அடித்தது. கப்பல் புறப்பட்டுவிட்டதாக இன்னொரு வரி வந்தது.

அம்மா இடது கையால் போனை எடுத்தார்.

"ஏறிட்டான்மா. இனி நாலு நாளைக்குக் கரை கெடையாது. வீட்டுக்குப் போயி உன் துணிமணி, சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் நிதானமா எடுத்துக்க. ரயிலுக்குத்தான் ராத்திரி வரைக்கும் நேரம் இருக்கே."

மறுமுனையில் ஒரு பெண் வாய்விட்டு அழுவது கடைக்காரருக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, இப்போது போலீஸைக் கூப்பிடலாம், அவன் இறங்குகிற துறைமுகத்தில் வந்து நிற்கட்டும் என்றார் அம்மா.

கடைக்காரர் ஒடிந்து கோணலாக நின்ற விரலைப் பார்த்தார். நேராகவே ஒரு டிக்கெட் போட்டு, அதை அவன் கண்ணில் படுகிற மாதிரி வீட்டில் விட்டுப் போயிருந்தால் போதாதா, இவ்வளவு அடியும் எதற்கு என்று கேட்டார்.

வாயில் ஊறிய ரத்தத்தைக் குப்பைக்கூடையில் துப்பிவிட்டு அம்மா சொன்னார்:

"அடிச்சு வாங்கினாத்தான் அவன் நம்புவான்."