எதிர் நாற்காலி

குடியை விட்டிருந்த கணவன் மறுபடியும் பாருக்குள் நுழைந்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதும், தையல்காரி மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மூலை மேஜையில் அவன். முன்னால் நிறைந்த கிளாஸ்.

“இதுக்கா சபையே உபவாசம் இருந்து ஜெபிச்சுது? சாத்தான்கிட்ட தோத்துட்டீங்களே!”

“மெதுவா பேசும்மா. இது இவர் கையிலேருந்து வாங்கி வெச்சது.”

எதிரே தலைகுனிந்திருந்தவர் நிமிர்ந்தார். அவர்கள் சபையின் போதகர்!

“மனைவியை அடக்கம் பண்ணினதிலிருந்து இவரால ஜெபிக்கவே முடியலையாம். அன்னிக்கு எனக்காகப் போராடினார். இன்னிக்கு இவருக்காக நான் போராடுறேன்.”

“உங்களுக்குக் குடிக்கணும்னு தோணலையா?”

“தோணுது. அதான் ஜெபிச்சுக்கிட்டே இருக்கேன்.”

அவளுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. நாற்காலியை இழுத்துப்போட்டு, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆரம்பிங்க. நானும் இருக்கேன்.”

முதலில் கண்களை மூடியவர் போதகர்தான்.